இஸ்தானாவுக்குள் ஒரு கொத்தனாரோடு

தீபாவளிக்கோ மே தினத்துக்கோ சிங்கப்பூர் அதிபரின் மாளிகையான இஸ்தானா பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டால் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். அன்னக்குளத்தோரம் படம், புல்தரையில் கொஞ்ச நேரம், பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு அப்படியே லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு நடை. அடுத்த முறை அதோடு திரும்பிவிடாதீர்கள். மேட்டின் உச்சியில் நிற்கும் மாளிகைக்குள் வழிகாட்டி ஒருவர் அழைத்துப்போய்க் காட்டும் சுற்று இருக்கிறது. அதற்குத் தனிச்சீட்டு; வசூலாகும் பணம் அறப்பணிக்குப் போகிறது. அந்தச் சீட்டை வாங்குங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் மேற்பார்வையாளன். பின்னாளில் யாரோ அப்பிவைத்த சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, உள்ளே மூச்சுமுட்டிக் கிடக்கும் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் காப்பாற்றுவது என் அன்றாடம். அப்பா புதுக்கோட்டைப் பக்கம் கொத்தனார். இளவயதில் காரைக்குடி வட்டாரத்துப் பெரிய வீடுகளில் பூச்சுவேலை செய்தவர். அவர் எங்களோடு வந்து தங்கியிருந்தபோது தீபாவளித் திறப்பு வந்தது. “அரண்மனையெல்லாம் நமக்கெதுக்கு தம்பி, கோயிலுக்குப் போவோம்” என்றார். கோயிலுக்கு மாலையில் போகலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்ததால்தான் இந்தக் கட்டடம் எனக்கு முழுதாகப் புரிந்தது.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். ஆர்ச்சர்ட் சாலைப் பெருவாசலில் நுழைந்ததும் நகரச் சத்தம் அடங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட 40 ஹெக்டர் நிலம், 100 ஏக்கருக்கும் கூடுதல். ஒரு காலத்தில் இது சாதிக்காய்த் தோட்டம். கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த சார்ல்ஸ் ராபர்ட் பிரின்செப்புக்குச் சொந்தமானது. பக்கத்தில் ஓடும் பிரின்செப் ஸ்திரீட் அவர் பெயரால்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பகுதி முழுக்கச் சாதிக்காய், மிளகு, பழத்தோட்டங்கள். பிறகு சாதிக்காய் மரங்களில் நோய் விழுந்து, 1860 வாக்கில் தீவின் தோட்டக்காரர்கள் பலர் நொடித்துப்போனார்கள். அப்படிப் படுத்துப்போன தோட்டத்தைத்தான் காலனி அரசு வாங்கியது.

வாங்கியவர் ஹாரி ஓர்ட். 1867 ஏப்ரல் 1ஆம் தேதி சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியிருப்புகள் இந்தியாவிலிருந்து பிரிந்து நேரடியாகப் பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் வந்தபோது முதல் ஆளுநராக வந்தவர். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் காலத்திலிருந்து ஆளுநர் வீடு ஃபோர்ட் கேனிங் குன்றில் இருந்தது. அங்கே கோட்டை கட்டுவதற்காக அந்தப் பழைய வீட்டை 1859இல் இடித்துவிட்டார்கள். ஆகவே புது ஆளுநருக்குச் சொந்தமாக ஒரு வீடில்லை. ஓர்ட் கேட்டதோ இங்கிலாந்துப் பிரபுக்கள் கிராமத்தில் கட்டிக்கொள்வது மாதிரியான மாளிகை: சுற்றிலும் பூங்கா, நடுவில் மேடு, மேட்டின் மேல் வீடு, வாசலிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை. இத்தனை செலவா என்று ஊர் வணிகர்கள் கொதித்தார்கள். 1869 டிசம்பரில் விக்டோரியா அரசியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் வந்து இங்கே தங்கிய பிறகு அந்தச் சத்தம் குறைந்தது. வழிகாட்டி இதை நன்றாகவே சொன்னார்.

நான் காத்திருந்தது அடுத்த பகுதிக்கு. வடிவமைத்தவர் ஜான் ஃபிரெடெரிக் அடால்ஃபஸ் மெக்நேர். காலனியின் பொறியாளர். மெட்ராஸ் பீரங்கிப்படையிலிருந்து வந்தவர். கட்டுவேலையோடு இன்னொரு பொறுப்பும் அவரிடம் இருந்தது: இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட கைதிகளின் கண்காணிப்பு. இந்த இரண்டு வேலையும் ஒரே மனிதரிடம் இருந்ததால்தான் இந்தக் கட்டடம் இப்படி எழுந்தது. கல் உடைத்தவர், செங்கல் வைத்தவர், பூசியவர், மரவேலை பார்த்தவர், வண்ணம் அடித்தவர் என்று 1867 முதல் 1869 வரை இங்கே உழைத்தவர்களில் பெரும்பங்கு அந்தக் கைதிகள்.

அவர்கள் முதன்முதலாக இந்தத் தீவில் இறங்கியது 1825 ஏப்ரலில். சுமத்ராவின் பென்கூலனை ஆங்கிலேயர் டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தபோது, அங்கே இருந்தவர்களை இங்கே மாற்றினார்கள். முதல் கப்பலில் வந்த 80 பேர் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள். அடுத்து வங்காளத்தவர்கள் வந்தார்கள், பிறகு பம்பாயிலிருந்தும். எல்லாரும் தமிழர் என்று நாம் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பிராஸ் பசா சாலைப் பக்கம் இருந்த சிறைக்குள்ளேயே பட்டறைகள் நடந்தன. கைத்தொழில் தெரியாமல் வந்தவனுக்கும் அங்கே ஒரு தொழில் கற்றுக்கொடுத்தார்கள். நன்னடத்தை உள்ளவர்களையே மற்றவர்களுக்குக் காவலாக வைத்தார்கள். இதைப் பற்றி மெக்நேர் பிற்காலத்தில், 1899இல், தனிப் புத்தகமே எழுதினார்.

செங்கலுக்கு வெளியே போகவில்லை. சிராங்கூன் சாலையில் அரசாங்கச் செங்கல் சூளை இருந்தது; அங்கே களிமண் பிசைந்ததும் சுட்டதும் கைதிகள்தான். அந்தச் செங்கல் 1867இல் ஆக்ரா கண்காட்சிக்குப் போய்ப் பதக்கம் வாங்கியது. சுண்ணாம்புக்குக் கடலில் கிடைத்த பவளக்கல்லைச் சுட்டார்கள். பாறை வேண்டுமென்றால் புலாவ் உபின் தீவு. இந்த விவரங்களை அப்பாவிடம் நான் சொல்லச் சொல்ல அவர் நடையின் வேகம் குறைந்தது. “அப்போ நாம காலையில இட்லி சாப்பிட்டோமே, அந்தத் தெருவுல வெந்த செங்கலா இதெல்லாம்?” என்று கேட்டார். எந்தச் செங்கல் எந்தக் கட்டடத்துக்குப் போனது என்று நான் எண்ணிச் சொல்ல முடியாது. காலமும் அதுதான், செய்தவர்களும் அவர்கள்தான் என்றேன்.

இனிக் கட்டடம். உள்ளே போகும் அவசரத்தில் முகப்பைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். நடுவில் உயர்ந்து நிற்கும் கோபுரப்பகுதி 28 மீட்டர். அதன் இருபுறமும் இரண்டு தட்டுகளாகத் தூண் வரிசை நீள்கிறது. கீழ்த்தட்டுத் தூணின் தலை வெறுமையாக, ஒரு வளையத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல்தட்டில் தலையின் இருபக்கமும் ஆட்டுக்கொம்பு போலச் சுருள் இருக்கும். கோபுரத்தின் மூன்றாவது தட்டில் இலை இலையாகப் பூவேலை. கிரேக்க, ரோமானியக் கட்டடக்கலையில் இதற்கு டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்று பெயர். பாரம் தாங்கும் கீழ்த்தூண் உறுதியாகவும் மேலே போகப்போக ஒயிலாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் மரபு. இத்தாலியக் கட்டடக்கலைஞர் பல்லாடியோவின் வழியில் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரபுக்கள் கட்டிய மாளிகைகளின் கணக்கு அது. வழிகாட்டி பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா, “நம்ம போதிகை மாதிரிதான். கீழே ஒண்ணு, மேலே ஒண்ணுன்னு மாத்தி வைப்பான்” என்றார். போதிகை என்பது நம் கோயில் தூணின் தலையில் உட்காரும் கல்.

பிறகு அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூணின் விளிம்பைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். தூக்குக்குண்டு இல்லாதபோது கொத்தனார்கள் பார்க்கும் பார்வை அது. “கல்தூண் இல்லயே இது?” இல்லை என்றேன். அந்தக் காலத்தில் இந்த ஊரில் இத்தகைய தூண்களைச் செங்கல்லால் கட்டி மேலே சுண்ணாம்பு பூசித்தான் எடுப்பார்கள். சதுரமான செங்கல்லை வைத்து உருண்டைத் தூண் எழுப்புவது எளிதல்ல. நடுவயிறு சற்றே பருத்து மேலே குறுக வேண்டும். அட்டையில் வெட்டிய அச்சை வைத்துப் பூச்சைச் சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டும். ஒரு தூணில் செய்வதை வரிசையில் உள்ள அத்தனை தூணிலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். இன்றைக்கு என் வேலையிடத்தில் இப்படி ஒரு தூணைத் திருத்தமாகப் பூச ஆள் தேட வேண்டியிருக்கிறது. காலில் விலங்கின் தழும்போடு வந்த மனிதர்கள், இந்த ஊர் வெயிலிலும் மழையிலும் சாரத்தில் நின்று இதைச் செய்திருக்கிறார்கள்.

உள்ளே போனால் குளிர்சாதனம் இருக்கிறது, அது இன்றைய ஏற்பாடு. கட்டடத்தின் உண்மையான குளிர்ச்சி தாழ்வாரத்தில். என் மதிப்பீட்டில் இந்த மாளிகையின் மிகச் சிறந்த பகுதி அதுதான். ஆங்கிலப் பிரபுவின் வீட்டுச் சன்னலில் வெயில் நேராக விழும்; அங்கே அது வேண்டும். இங்கே அப்படிக் கட்டினால் உள்ளே இருப்பவர் வெந்துவிடுவார். ஆகவே மெக்நேர் அறைகளை நடுவுக்குத் தள்ளி, சுற்றிலும் அகலமான தாழ்வாரத்தை ஓடவிட்டிருக்கிறார். கூரை விளிம்பு வெளியே நீண்டு நிழல் தருகிறது. சன்னல்களில் மரச்சாய்தட்டுகள். சாரல் உள்ளே வராது, காற்று வரும். வரைபடமோ சிலுவை வடிவம். ஒவ்வொரு கையும் வெளியே நீண்டிருப்பதால் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் ஏதோ ஓர் அறைக்குள் நுழைந்து மறுபக்கம் போய்விடும். இதெல்லாம் மலாய் வீடும் நம் ஊர் வீடும் எப்போதோ கண்டுபிடித்து வைத்ததுதான். ஐரோப்பிய உடம்புக்குள் வெப்பநாட்டு மூச்சு என்று சொல்லலாம். என் தொழிலில் இருக்கும் இளம் பொறியாளர்கள் இதற்காகவே வந்து நின்று பார்க்க வேண்டும்.

வரவேற்பு மண்டபம், விருந்து மண்டபம், பதவியேற்பு நடக்கும் பெரிய மண்டபம், விருந்தினரைச் சந்திக்கும் அறைகள் என்று சுற்று நகர்கிறது. விளக்குகளும் கம்பளங்களும் மற்ற நாடுகள் தந்த அன்பளிப்புகளும் பார்க்க அழகு. அதைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதுகிறார்கள், நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 1959 டிசம்பர் 3ஆம் தேதி யூசோஃப் இஷாக் நாட்டின் தலைவராகப் பொறுப்பேற்றபோதுதான் அரசினர் மாளிகை இஸ்தானா ஆனது. 1999இல் எஸ்.ஆர். நாதனும் 2023இல் தர்மன் சண்முகரத்தினமும் அதிபர்களாக இந்த மாளிகைக்கு வந்தார்கள். இதை நான் அப்பாவிடம் சொன்னேன். கைதியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் எழுப்பிய சுவருக்குள் நம் சமூகத்து மனிதர்கள் நாட்டின் தலைவர்களாக அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

1996 முதல் 1998 வரை மாளிகையை விரிவாகப் புதுப்பித்தார்கள். 1992 முதல் இது தேசிய நினைவுச்சின்னம். புதுப்பித்தல் என் துறை என்பதால் கூர்ந்து பார்த்தேன். மூலைகளும் விளிம்புகளும் துல்லியம். பழைய கட்டடத்தைப் புதுசு போல வழித்துப் பளபளப்பாக்கிவிடும் கெட்ட பழக்கம் இங்கே தெரியவில்லை. பாராட்டத்தக்க வேலை.

தோட்டத்தைப் பற்றிச் சில வரிகள். விக்டோரியா அரசியின் பளிங்குச் சிலை ஒன்று இருக்கிறது. அவர் ஆட்சியின் பொன்விழாவை ஒட்டி, சீனச் சமூகத்தினர் 1889இல் வழங்கியது. ஒரு ஜப்பானியப் பீரங்கியும் உண்டு. 1942 பிப்ரவரியில் இந்த மேட்டில் குண்டுகள் விழுந்தன; பிறகு ஜப்பானியத் தளபதி தெராவுச்சி இங்கே குடியிருந்தார். சற்றுத் தள்ளி ஸ்ரீ தெமாசெக், பிரதமருக்கான அதிகாரபூர்வ இல்லம். இஸ்தானாவோடு சேர்ந்து 1869இல் கட்டப்பட்டது, காலனிச் செயலாளருக்காக. அதை வெளியிலிருந்து பார்க்கலாம். எளிமையான அழகு. பலர் அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். மரங்களுக்காகத் தனியே ஒரு வருகை வைத்துக்கொள்ளலாம். தெம்புசு மரத்தடியில் நின்றால் ஆர்ச்சர்ட் சாலை எங்கே போனது என்று தோன்றும்.

ஒரு விருப்பமும் இருக்கிறது, மனதாரச் சொல்கிறேன். எங்கள் குழுவுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார்கள். வழிகாட்டி அன்பானவர், அப்பா கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது நின்று பதில் சொன்னார். கைதிகளைப் பற்றியும் சொன்னார். அதை இன்னும் விரித்து, முகப்பில் நிற்கும்போதே, இந்தத் தூணைக் கட்டியவர் யார், எங்கிருந்து வந்தார், எந்தச் சூளைச் செங்கல், எந்தக் கடல் சுண்ணாம்பு என்று சொன்னால் குழுவில் இருந்த சிறுவர்கள் கட்டடத்தை வேறு கண்ணோடு பார்த்திருப்பார்கள். நம் அரும்பொருளகங்களில் தமிழில் விளக்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். தீபாவளித் திறப்பன்றாவது அவர்களில் சிலர் இங்கே வந்து தமிழில் ஒரு சுற்று நடத்தினால், ஊரிலிருந்து வரும் நம் அப்பா அம்மாக்கள் இடையில் மொழிபெயர்ப்பு இல்லாமல் கேட்பார்கள்.

இன்னொரு யோசனை. அன்றைக்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் பார்த்துவிடுங்கள், சிட்டி ஹால் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. 1856 முதல் 1861 வரை அதே கைதிகள் கட்டியது. அதற்குப் பூசிய மெட்ராஸ் சுண்ணாம்பின் பக்குவத்தை மெக்நேர் எழுதி வைத்திருக்கிறார்: சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர், காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகு. வழியில் நான் இதைச் சொன்னபோது அப்பா நடுவில் நிறுத்தி, மீதியை அவரே சொன்னார். செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு அவர்கள் முட்டையும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்கள். தேங்காய் மட்டைத் தண்ணீர் மட்டும் அவருக்குப் புதிது. “அது எதுக்கு?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலிலும் கைதிகளின் கைவேலை உண்டு என்பார்கள். அந்தக் கோயிலை நிறுவிய நாராயண பிள்ளைதான் இந்தத் தீவின் முதல் செங்கல் சூளையைப் போட்டவர்.

போகிறவர்களுக்கு: தோபி காட் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு, பையைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலிருந்து மாளிகை வரை ஏற்றம். முதியவர்களோடு போனால் குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, நிழலில் நின்று நின்று ஏறுங்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், மே தினம், தேசிய தினம், தீபாவளி ஆகியவற்றை ஒட்டித்தான் திறப்பு. தேதியும் சுற்றுக்கான சீட்டு விவரமும் இஸ்தானாவின் இணையத்தளத்தில் முன்கூட்டியே வரும். நேரம் தவறினால் எதிரே இஸ்தானா பூங்காவில் 2016இல் திறந்த மரபுடைமைக் கூடம் இருக்கிறது, கட்டணமில்லை. ஆனால் அது படங்களும் பொருள்களும்தான். தூணருகே நின்று பார்க்க வேண்டுமானால் திறப்பு நாளுக்குக் காத்திருங்கள், காலையிலேயே போய்விடுங்கள்.